சேனல் கிளியர்

மணலி புதுநகரில் உதயாவின் வீட்டு வரிசையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எல்லாருக்கும் தெரியும். மற்றவர்கள் மார்க்கெட்டில் பேரம் பேசி மத்தி வாங்கி வருவார்கள். உதயாவின் மனைவி எழில்மொழி மட்டும் வாசலில் உட்கார்ந்து முழங்கை நீளக் கொடுவாவைச் செதில் சீவிக்கொண்டிருப்பாள்.

"இன்னா வெல எழிலு?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

"வெல குட்த்து யாரு வாங்குனா? அவருக்குக் குடுக்குறாங்க."

அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. தன் புருஷன் ஒரு இடத்தில் மதிக்கப்படுகிறான் என்பதற்கு அந்த மீன்தான் அவளுக்கு அத்தாட்சி.

உதயா எண்ணூர்ப் பக்கத்துச் சரக்குத் துறைமுகம் ஒன்றில் ஒப்பந்தப் பாதுகாவலன். துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்கள் கடலில் நினைத்த இடத்தில் எல்லாம் ஓட முடியாது. அவற்றுக்கென்று ஆழமாகத் தோண்டிய வழி ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் சிவப்பும் பச்சையுமாக மிதவைகள் கட்டியிருக்கும். துறைமுகத்தில் எல்லாரும் அதைச் சேனல் என்பார்கள். அந்தச் சேனலுக்குள் சின்னப் படகு எதுவும் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் உதயாவின் வேலை. ரோந்துப் படகை ஓட்ட சுஃபியான் என்று ஒருவன் இருந்தான். கப்பல் உள்ளே வருவதற்கு முன்னால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வாக்கி-டாக்கியில் கேட்பார்கள். இருவரும் படகை எடுத்துக்கொண்டு சேனலின் முனை வரை போய்ப் பார்த்து, யாராவது இருந்தால் விரட்டிவிட்டு, "சேனல் கிளியர்" என்று பதில் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் உதயா ஒழுங்காகத்தான் விரட்டினான். சைரனைப் போட்டுக்கொண்டு போவான். மீனவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டே அவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்கள். வீட்டுக்குப் போன பிறகும் அந்தத் திட்டு காதில் கேட்டுக்கொண்டிருக்கும். புளியந்தோப்பில் குறுகலான வீட்டில் வளர்ந்தவன் அவன். இல்லாதவன் வயிற்றில் அடிக்கும் வேலையைத் தான் பார்ப்பதாக அவனுக்கே சில நேரம் தோன்றும்.

தேசப்பனை அவன் சந்தித்தது அப்படி ஒரு காலைப் பொழுதில்தான். தேசப்பன் திருவொற்றியூர்க் குப்பத்துக்காரன். நல்ல உழைப்பாளி, சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். அவனுடைய ஃபைபர் படகின் இன்ஜின் பழுதாகிப் பல மாதமாகிவிட்டது. சரிசெய்ய வழியில்லாமல், படகின் நடுவில் ஒரு மரத்தை நட்டு, தார்ப்பாய்த் துணியைத் தைத்துப் பாய் கட்டிக்கொண்டு கடலுக்கு வந்துகொண்டிருந்தான். கூட அவன் மனைவியின் தம்பி துரை.

"இங்க வலை போடக்கூடாதுன்னு எத்தினி தபா சொல்றது?" என்று உதயா கத்தினான்.

தேசப்பன் கோபப்படவில்லை. "கரையோரம் இன்னா கீதுன்னு நீயே சொல்லு நைனா. சாம்பலும் எண்ணையும்தான் கீது. இங்க ஆழமா தோண்டி வுட்டீங்க. மீனு எல்லாம் ஆழத்துக்கு வந்துட்ச்சு. மீனு கீற எடத்துக்குத்தான நானும் வரணும்?"

"கப்பல் வந்தா இன்னா பண்ணுவ?"

"வரட்டுமே. நான் பாய் கட்டிகினு போறவன். மிஷின்ல வர்றவன்தான் பாய்க்கு வழி வுடணும். கடல் சட்டமே அப்டித்தான் கீது."

அது பாதி உண்மை. மீதியை உதயாவுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பரந்த கடலில்தான் பாய்ப்படகுக்குக் கப்பல் ஒதுங்கும். சேனலுக்குள் கப்பலால் இந்தப் பக்கமும் திரும்ப முடியாது, அந்தப் பக்கமும் திரும்ப முடியாது, திரும்பினால் தரைதட்டும். அங்கே விலகிப்போக வேண்டியவன் சின்னப் படகுக்காரன்தான். இதைச் சொல்ல உதயா வாயெடுத்தான். அதற்குள் தேசப்பன் குனிந்து ஒரு கொடுவாவைச் செவுளில் விரல் விட்டுத் தூக்கி, ரோந்துப் படகுக்குள் எறிந்தான்.

"வூட்டுக்கு எட்த்துகினு போ. கொயந்தைங்க துன்னட்டும்."

மீன் படகின் அடியில் துள்ளியது. சுஃபியான் உதயாவைப் பார்த்தான். உதயா சைரனை நிறுத்தினான்.

யாராவது அவன் கையில் பணத்தைத் திணித்திருந்தால் அவனுக்குக் கோபம் வந்திருக்கும். லஞ்சம் வாங்குகிறவர்களைப் பற்றி டீக்கடையில் காரசாரமாகப் பேசுகிறவன் அவன். இது மீன்தானே. அவன் கேட்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை. ஒரு ஏழை இன்னொரு ஏழைக்குப் பிரியமாகக் கொடுத்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

பிரியம் வழக்கமானது. தேசப்பனைப் பார்த்து மற்ற படகுக்காரர்களும் கொடுத்தார்கள். சங்கரா, வஞ்சிரம், சில நாள் இறால். சுஃபியானுக்கும் ஒரு பை மீன் போனது. திட்டு நின்றுபோய் "வா தோஸ்து" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கப்பல் வரும் நேரத்தில் உதயா முதலில் தூரத்திலிருந்து கையை ஆட்டி ஒதுங்கச் சொன்னான். பிறகு அதையும் விட்டுவிட்டான். அவர்களுக்குத் தெரியாததா, ஒதுங்கிக்கொள்வார்கள் என்று கரையில் இருந்தபடியே "கிளியர்" சொல்லப் பழகினான். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் அவனுக்குத் தைரியத்தைக் கொடுத்தது.

ஒருநாள் தேசப்பனின் மரத்து உச்சியில் கட்டியிருந்த தகரக் கூண்டைக் காணவில்லை. ஃபைபர் படகு கப்பலின் ரேடாரில் சரியாகத் தெரியாது. அந்தத் தகரம் இருந்தால்தான் திரையில் ஒரு புள்ளியாவது விழும்.

"மேல கட்டியிருந்தியே, அது எங்க?"

"பாய்ல மாட்டிகினு ஒரே பேஜாரு. கய்ட்டிப் போட்டுட்டேன்."

"அது இல்லாங்காட்டி கப்பல்காரனுக்கு நீ கீறதே தெரியாது."

"அவனுக்குக் கண்ணு இல்லியா? இத்தாம் பெரிய பாய் தெரியாதா?" என்று தேசப்பன் சிரித்தான். உதயாவும் சிரித்துவிட்டான். கையில் அன்றைய பை இருந்தது.

போகி அன்று காலை வடசென்னை முழுவதும் புகை. பழைய கோரைப்பாயும் டயரும் எரிந்த புகை பனியோடு கலந்து கடல்மேல் இறங்கியிருந்தது. விடிந்து வெயில் வர வேண்டிய நேரத்திலும் பக்கத்து மிதவைகூட மங்கலாகத்தான் தெரிந்தது. கொஞ்சம் விலகியது மாதிரி இருந்ததும், வெளியே காத்திருந்த கப்பலை உள்ளே எடுக்கக் கட்டுப்பாட்டு அறை முடிவு செய்தது.

"கப்பல் உள்ள வருது. சேனல் கிளியரா?" என்று வாக்கி-டாக்கி கேட்டது.

ரோந்துப் படகு துறையில் கட்டிக்கிடந்தது. உதயாவும் சுஃபியானும் கண்ணெரிச்சலோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு சுத்து போய்ட்டு வந்துரலாமா?" என்றான் சுஃபியான்.

"இந்தப் பொகையில போனா மட்டும் இன்னா தெரியப் போவுது? நம்ம ஆளுங்கோதான. ஹாரன் சத்தம் கேட்டா ஒதுங்கிக்குவானுங்கோ."

சுஃபியான் டீயை ஊதிக் குடித்தான். உதயா பொத்தானை அழுத்தினான்.

"கிளியர் சார்."

அந்த நேரத்தில் தேசப்பனும் துரையும் சேனலின் நடுவில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு ஏதாவது வேண்டும் என்று வந்திருந்தார்கள். வலையில் நல்ல மீன்பாடு. பாதி வலை உள்ளே வந்திருந்தபோது ஹாரன் கேட்டது. புகைக்குள் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

"வலைய அறுத்துரு மாமா" என்றான் துரை.

"இரு. சோக்கா மாட்டிக் கீது. இயுத்துட்டு ஒதுங்கிக்கலாம்."

மறுபடியும் ஹாரன் அடித்தது. இந்த முறை நெஞ்சுக்குள் அதிர்ந்தது. தேசப்பன் வலையை விட்டுவிட்டுப் பாயை விரித்தான். காற்று மெலிசாக இருந்தாலும் பாய் பிடித்துக்கொண்டது. படகு பச்சை மிதவையைப் பார்த்து நகர ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் தப்பித்திருப்பார்கள்.

அப்போதுதான் புகையைக் கிழித்துக்கொண்டு கப்பலின் முகப்பு வந்தது. துரை பிறகு சொன்னது இது: கப்பல் மாதிரியே இல்லை, பெரிய சுவர் ஒன்று நடந்து வந்தது மாதிரி இருந்தது. அந்தச் சுவர் பக்கத்தில் வந்ததும் காற்று நின்றது. அவ்வளவு பெரிய உடம்பு காற்றை மறைத்துவிட்டால் பாய்க்கு என்ன மிஞ்சும்? விரிந்திருந்த பாய் துவண்டு மரத்தோடு ஒட்டிக்கொண்டது. படகு நின்ற இடத்திலேயே ஆடியது. துரை துடுப்பை எடுத்தான். தேசப்பன் பாய்க்கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான். அவன் அண்ணாந்து கத்தியது மேலே யாருக்கும் கேட்கவில்லை. கப்பலை ஓட்டுகிறவர்கள் நிற்பது வெகு பின்னால், மாடிமேல் மாடி வைத்த உயரத்தில். முகப்புக்கு நேர் கீழே இருக்கும் கடல் அவர்கள் கண்ணுக்கே படாது. பார்த்திருந்தாலும், அந்த எடையை நிறுத்த ஒரு மைலுக்கு மேல் வேண்டும்.

முகப்பில் எழும்பிய அலை துரையைத் தூக்கி வெளியே எறிந்தது. அது அவன் அதிர்ஷ்டம். கயிற்றை விடாமல் பிடித்திருந்த தேசப்பன் படகோடு கப்பலுக்கு அடியில் போனான்.

கப்பலில் இருந்தவர்களுக்கு எதுவோ மோதியதாகவே தெரியவில்லை. அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

துரையை வேறொரு படகு தூக்கியது. சேதி வந்ததும் உதயாவும் சுஃபியானும் அடித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். புகை கலைந்து கடல் பளிச்சென்று இருந்தது. மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஃபைபர் துண்டுகள் மிதந்தன. தார்ப்பாய்த் துணியை உதயாதான் தூக்கி உள்ளே போட்டான். அதன் கீழே தேசப்பன் இருப்பான் என்று நினைத்திருந்தான். அங்கே இல்லை. பொங்கல் முடிந்த பிறகு எண்ணூர்க் கரையில் பிணமாக ஒதுங்கினான்.

விசாரணை நடந்தது. அதற்கு முந்தைய நாள் பாதுகாப்பு மேலாளர் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தினமும் எச்சரிச்சோம், அவங்க கேக்கல. அன்னைக்குக் காலையிலயும் சுத்திப் பாத்தோம், யாரும் இல்ல. அதுக்கப்புறம்தான் அந்தப் படகு உள்ள வந்திருக்கணும். இதுக்கு மேல ஒரு வார்த்தை பேச வேண்டாம். புரியுதா?"

புரிந்தது. உதயா அப்படியே சொன்னான். சுஃபியான் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றான். தடை செய்த இடத்தில் மீன்பிடித்தான், ரேடாருக்கான தகரம் கட்டவில்லை, எச்சரிக்கையை மதிக்கவில்லை என்று மூன்று குற்றமும் செத்தவன் தலையில் விழுந்தன. காப்பீட்டுப் பணம் கிடையாது என்று அவன் மனைவி தாயம்மாவுக்குச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் இறால் உரிக்கப் போனாள்.

உதயாவுக்கு வேலை இருந்தது. எழில்மொழியிடம்கூட அவன் எதையும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் யாரும் மீன் கொடுக்கவில்லை. சேனலுக்குள் யாரும் வரவும் இல்லை. எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது என்று அவன் நம்பத் தொடங்கினான்.

மாசி மாதத்தில் ஒரு காலை, பச்சை மிதவைக்கு உள்பக்கம் ஒரு பாய் தெரிந்தது. ரோந்துப் படகு பக்கத்தில் போனது. இரவல் படகு. உள்ளே துரை.

துரை எழுந்து நின்றான். அவன் முகத்தில் கோபம் இருக்கும் என்று உதயா எதிர்பார்த்தான். துரை இளித்தான். குனிந்து ஒரு பையை எடுத்து நீட்டினான்.

"மாமா குட்த்துகினு இருந்தாருல்ல, அத்தே மாதிரி நானும் குட்த்துர்றேன். கொஞ்சம் கண்டுக்காத சாரு."

உதயா பையைத் தொடவில்லை. மாமாவைக் கப்பல் இழுத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவன் அதே இடத்தில் நின்று, அங்கே நிற்க விடுவதற்கு விலையாகப் பையை நீட்டுகிறான். தப்பு அவனுடையதா? இங்கே இப்படித்தான் நடக்கும், இந்த ஆளிடம் இதைக் கொடுத்தால் போதும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

"பைய உன் படகுலயே போடு. வலைய எடு" என்றான் உதயா.

"இன்னா சாரு, பத்தலையா?"

உதயா சைரனைப் போட்டான். துரை வலையைச் சுருட்டி மிதவையைத் தாண்டும் வரை நிறுத்தவில்லை. துரை திட்டிய திட்டு சைரனையும் மீறிக் கேட்டது. சுஃபியான் படகைத் திருப்பினான்.

கரைக்கு வந்ததும் உதயா நேராக மேலாளரிடம் போனான். விசாரணையில் சொன்னது பொய், அன்று தான் படகை எடுக்கவே இல்லை என்றான். மேலாளர் முதலில் நம்பாத மாதிரி பார்த்தார்.

"இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது? செத்தவன் எழுந்து வரப் போறானா?"

"அவன் சம்சாரத்துக்கு ஏதாவது கெடைக்கும் சார்."

"உனக்கு என்ன கெடைக்கும்னு யோசிச்சியா?"

யோசித்திருந்தான். விசாரணை அதிகாரியிடம் எழுதியே கொடுத்தான். அவர் வாங்கி வைத்துக்கொண்டார். வேலை அந்த வாரமே போனது. மேலே அனுப்பியிருக்கிறோம் என்று மட்டும் கேட்கும்போதெல்லாம் பதில் வந்தது. சுஃபியான் தனக்கு எதுவும் நினைவில்லை என்று சொல்லிவிட்டான். அவனுக்கும் குடும்பம் இருந்தது. உதயா அவனைக் குறை சொல்லவில்லை.

வீட்டில் உண்மையைச் சொன்னபோது எழில்மொழி அழவில்லை. வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மீனத்தான் அக்கம்பக்கத்துக்கு எல்லாம் காட்டிகினு உக்காந்துகினு இருந்தனா" என்று மட்டும் கேட்டாள்.

பங்குனி வெயிலில் ஒரு மதியம் உதயா திருவொற்றியூர்க் குப்பத்துக்குப் போனான். தாயம்மா அப்போதுதான் இறால் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. துரை உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உதயாவைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு எழுந்தான். தாயம்மா கையைக் காட்டி அவனை உட்கார வைத்தாள்.

உதயா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கரையில் டீ குடித்துக்கொண்டிருந்ததையும் விடவில்லை.

"நீ வரல்லேன்னு எனுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் அவள். "சைரனே கேக்கலன்னு இவன் சொன்னான். எழுதிக் குட்த்தியே, அது இன்னா ஆச்சு?"

"மேல அனுப்பிக் கீறாங்களாம்."

"வேல?"

"போச்சு."

அவள் தலையசைத்தாள். அதில் சந்தோஷமும் இல்லை, பரிதாபமும் இல்லை.

"நான் காசுக்கு ஆசப்பட்டு வுடலம்மா" என்றான் உதயா. "அவரு படுற கஷ்டத்தப் பாத்தேன். வெரட்ட மனசு வரல. எரக்கப்பட்டுத்தான் வுட்டேன்."

தாயம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த வார்த்தைய என் வூட்ல சொல்லாத. எரக்கப்பட்டவன் வெரட்டி இருப்பான். தகரத்தக் கட்டிகினு வந்தாத்தான் கடலுக்கு வுடுவேன்னு படகுக் கய்த்தப் புட்ச்சிருப்பான். நீ வெரட்டி இருந்தா எம் புருசன் உன்னத் திட்டிகினே வூடு வந்து சேந்திருப்பான். நாலு பேரு கிட்ட திட்டு வாங்க மனசில்லாம ஒரு உசுர வாங்கிட்ட நீ."

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"உனுக்கும்தான்டா சொல்றேன். இப்ப வந்துக் கீற புது ஆளுக்கும் நீ மீனு குட்த்துகினு கீற, எனுக்குத் தெரியாதா? கப்பல் பெருசு, அவனுக்கு நாம கண்ணுக்கே தெரியமாட்டோம். நில்லுன்னா நிக்காது, ஒதுங்குன்னா ஒதுங்காது. நாமதான் ஒதுங்கணும். பாய் நம்புறது காத்த. அந்தக் காத்தையே கப்பல் முயுங்கிரும். நீயே பாத்தியே. வெரட்டாம இருக்கறதுக்கு ஒருத்தனுக்குக் குடுக்குறியே, அது மீனு இல்ல. உன் உசுரு. நீயே எட்த்து அவன் கையில குடுக்குற, அவனும் சிரிச்சிகினே வாங்கிக்கறான்."

துரை சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

தாயம்மா எழுந்து கதவருகே வந்தாள். உதயா போக வேண்டும் என்பது அதற்கு அர்த்தம்.